கேட்டுச்சா சம்பந்தி?

அந்தப் பகுதியில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் மெக்கானிக்கின் காதைப் பற்றித் தெரியும். பானெட்டைத் திறக்காமலே நோயைச் சொல்லிவிடுவார். வண்டி தெருமுனை திரும்பும்போதே பட்டறைக்குள்ளிருந்து, "ஃபேன் பெல்ட்டுதான், உள்ள கொண்டாங்க," என்று குரல் வரும். அவருக்குத் தன் கையின் மேலோ கண்ணின் மேலோ இல்லாத கர்வம் காதின் மேல் உண்டு. வீட்டுக்காரி மட்டும் அதை ஒத்துக்கொண்டதில்லை. "அது காருக்கு மட்டும் வேலை செய்யற காது. நான் கூப்பிட்டா கேக்காது," என்பாள்.

அவர் மகளைக் கட்டிக்கொண்டவனின் அப்பா வயலின் வாத்தியார். அவருக்கும் காதுதான் சொத்து. கடைசி வரிசையில் வாசிக்கிற பிள்ளையின் விரல் ஒரு மயிரிழை விலகினாலும் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல் முகம் சுருங்கிவிடும். இப்படி இரண்டு ஜோடிக் காதுகள் ஒரே குடும்பத்துக்குள் வந்தால் உரசாமல் இருக்குமா? கல்யாணத்தன்றே உரசிவிட்டன. மண்டபத்துக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டரைக் கேட்டு, "இதுல ஒரு சிலிண்டர் வேலை செய்யலை," என்றார் மெக்கானிக். "அதெல்லாம் ஒண்ணுமில்லை. சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான்," என்றார் வாத்தியார். ஜெனரேட்டருக்கு ஏது சுருதி என்று இவர் சிரித்தார். சுருதி இல்லாத பொருள் உலகத்தில் ஏது என்று அவர் முறைத்தார். அன்றோடு சம்பந்திகள் முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. அவசரமாக ஏதாவது சொல்லவேண்டி வந்தால் மகளுக்குப் போன் செய்து, "உங்க மாமனார்கிட்ட சொல்லிடு," என்பார் இவர். அப்போது வாத்தியார் இவருக்குப் பக்கத்து அறையில்தான் இருப்பார்.

மகளும் மருமகனும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பைனாகுலர் வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

"பஸ் டிப்போவுக்குப் பின்னாடி இருக்கற குளத்துல நிறையப் பறவை வருதாம்பா. ஞாயித்துக்கிழமை காலையில நீங்களும் மாமாவும் போய்ப் பாருங்க," என்றாள் மகள்.

"அவரோட போய் நான் என்ன பேசறது?"

"பேசவே கூடாதுப்பா. பேசினா பறவை பறந்துடும். உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தமான பொழுதுபோக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. குளம் என்று பேர்தானே தவிர, ஒரு பக்கம் நாணல், மறு பக்கம் டிப்போவின் சுற்றுச்சுவர், நடுவில் இரண்டு கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பாசித் தண்ணீர். கரையில் கால் ஆடும் பெஞ்சு ஒன்று. முதல் நாள் இருவரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, இரண்டு வெவ்வேறு திசையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆனால் அது பறவைகள் ஜோடி தேடும் பருவம். மாங்குயில் குழலூதியது. குண்டுக்கரிச்சான் சுவர்மேல் நின்று வாலை நிமிர்த்திக்கொண்டு விடாமல் பாடியது. தையல்சிட்டு, ஊக்கு அளவு உடம்பை வைத்துக்கொண்டு ஊரையே கூப்பிட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டபின் அது என்ன பறவை என்று சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சீக்கிரமே போட்டி வந்துவிட்டது. யார் முதலில் பேர் சொல்வது?

சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பேரைக் காட்டும் ஆப் ஒன்றை மருமகன் போனில் போட்டுத் தர வந்தான். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். "போன்கிட்ட கேட்டுப் பாட்டைத் தெரிஞ்சுக்கறது, அடுத்தவன் மென்னு குடுத்ததை முழுங்கற மாதிரி." மெக்கானிக்குக்கு சம்பந்தியின் பேச்சு முதல்முறையாகப் பிடித்துப்போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் ஒரு முழம் நெருங்கி உட்கார்ந்தார்.

வெயில் காலம் ஏறி, தகித்து, மெல்ல இறங்கத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கொஞ்சம் தாமதமாகக் குளத்துக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

டிப்போவில் பஸ் உறுமியது கேட்டது. யாரோ பக்கெட்டைப் போட்டது கேட்டது. பறவை மட்டும் கேட்கவில்லை. சுண்டுவிரலை விட்டுக் காதைக் குடைந்து பார்த்தார். காதுக்கு மாட்டும் கருவி விற்கிற வாடிக்கையாளர் ஒருவர் வேன் சர்வீஸுக்கு வந்தபோது சொல்லியிருந்தார்: "வயசானா மேல் சத்தம்தாண்ணே முதல்ல போகும். லாரி கேக்கும், கொசு கேக்காது." அப்போது சிரித்தார். இப்போது லாரி கேட்கிறது, பஸ் கேட்கிறது, குருவி கேட்கவில்லை. காது போய்விட்டது. காது போனால் பட்டறை என்ன ஆவது?

மெல்லத் திரும்பி சம்பந்தியைப் பார்த்தார். வாத்தியார் தலையைச் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, உதட்டில் ஒரு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அடப்பாவி, இந்த ஆளுக்குக் கேட்கிறது.

"மாங்குயில்," என்றார் மெக்கானிக், சற்றும் யோசிக்காமல்.

வாத்தியார் திடுக்கிட்டாற்போல் கண் திறந்தார். பிறகு நிதானமாகத் தலையாட்டினார். "மாங்குயில்தான். இன்னைக்குக் கொஞ்சம் சுருதி கம்மி."

"ஜலதோஷமா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

அந்தப் பொய்யோடு மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தின் கோடிக்குப் போய் நின்றுகொண்டு, "அங்கேருந்து மெதுவா ஏதாவது சொல்லு," என்றார்.

"என்ன சொல்றது?"

"எதையாவது. எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்."

அவள் தட்டைப் பார்த்தபடி, உதடு அசைவது தெரியாமல் சொன்னாள்: "உங்க பச்சைச் சட்டை துணி காயப்போட்ட இடத்துல காணாமப் போகலை. நான்தான் அதை வெட்டிக் கைப்பிடித் துணியா வெச்சிருக்கேன்."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அந்தச் சட்டையை அவர் தேடாத இடமில்லை. ஆனால் இப்போது கேட்டது என்றால் சண்டை போட்டாகவேண்டும்; சண்டை போட்டு இவளிடம் ஜெயித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"கேட்டுச்சா?" என்றாள் உரக்க.

"கேக்கலை," என்றார்.

அன்றிலிருந்து அவள் மனதில் பட்டதையெல்லாம் அவர் எதிரிலேயே அதே குரலில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் நடை, குறட்டை, அவர் தங்கச்சி, பைனாகுலரோடு கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொள்வது என்று ஒன்றையும் விடவில்லை. அத்தனையையும் கேட்டுக்கொண்டு, கேட்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மனைவியின் குரல் கேட்பது அவருக்கு ஆறுதலாகவே படவில்லை. மனுஷக் குரல் கீழ்ச் சத்தம் என்று தானே முடிவு செய்துகொண்டார்.

பட்டறையிலும் நிலைமை மோசமானது. டாக்ஸிக்காரர் ஒருவர் வண்டியோடு வந்து நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் குனிந்து காதை வைத்தார். முந்தின நாள் கீச்சுக் கீச்சென்று கத்திய வண்டியில் இன்று ஒரு சத்தமும் இல்லை.

"உங்களுக்குச் சத்தம் கேக்குதா?"

"இல்லைண்ணே."

டாக்ஸிக்காரருக்கும் தன் வயதுதான் என்பது மெக்கானிக்குக்கு நினைவு வந்தது. பாவம், இவருக்கும் போய்விட்டது. பானெட்டைத் திறந்து, நன்றாக இருந்த பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கழற்றி, மத்தியானம்வரை பிரித்துப்போட்டுத் தேடினார்.

"அண்ணே," என்றார் டாக்ஸிக்காரர் கடைசியில், "நேத்து நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தீங்க. நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் ஓஹோவென்று நடந்தன. குளத்தங்கரை எவ்வளவுக்கு அமைதியாகிக்கொண்டே போனதோ, அவ்வளவுக்குச் சம்பந்திகளின் காதில் பறவைகள் பெருகின. வாத்தியார் முழங்காலில் தாளம் போட்டார். மெக்கானிக் சபாஷ் போட்டார். "இடது பக்கம் கேளுங்க," என்று இவர் சொன்னால், எதிரெதிராக நின்றிருந்த இருவரும் தத்தம் இடது பக்கம் திரும்பி, எதிரெதிர்த் திசையில் ஒரே பறவையைக் கேட்டார்கள். ஒருநாள் இரண்டு மாங்குயில் மாறிமாறிப் பாடியதாகவும், அதில் சின்னது ஜெயித்ததாகவும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆனால் எத்தனை வாரம்தான் மாங்குயிலையே கேட்பது? சம்பந்திக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயத்தில் மெக்கானிக் ஒருநாள் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார்.

"இது இங்கே கேட்டதே இல்லையே, சம்பந்தி. பேட்டரி வீக்கான வண்டியை ஸ்டார்ட் பண்ற மாதிரி ஆரம்பிச்சு, கடைசியில ஒரு விசில்."

வாத்தியார் அசரவில்லை. "போன வாரமே கேட்டேன். உங்களுக்கும் கேக்கட்டும்னு சொல்லாம இருந்தேன். அந்த விசில்ல ஒரு கமகம் வெக்குது பாத்தீங்களா?"

"ஆமா, அதைத்தான் நானும் கவனிச்சேன்," என்றார் மெக்கானிக். கமகம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

அப்பாவும் மாமனாரும் இப்படி ஒட்டி உறவாடுவதில் மகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போகிற இடமெல்லாம் சொன்னாள். அவள் அலுவலகத்தில் பறவைச் சங்கத்து ஆள் ஒருவர் இருந்தார். பேட்டரி, விசில், கமகம் என்று கேட்டதும் அவர் சங்கம் முழுவதுக்கும் போன் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் போனபோது குளத்தங்கரையில் நிற்க இடமில்லை. முக்காலி, கை நீளத்துக்கு லென்ஸ், பச்சைத் தொப்பி, மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் டீ. நடுவில், வெள்ளைத் தலைமுடியை இழுத்துக் கட்டிய ஒரு அம்மாள். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கிய டாக்டர் அவர்தான். சங்கத்துத் தலைவியும் அவர்தான். மனிதர்களின் கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. வாயைப் பார்த்துத்தான் பேசுவார்.

"நீங்கதான் கேட்டவங்களா? எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு?" என்றார் மெக்கானிக்கின் முன்பற்களிடம்.

மெக்கானிக் ஒரு பக்கம் கை காட்டினார். வாத்தியார் அதே நேரத்தில் இன்னொரு பக்கம் காட்டினார். சட்டென்று இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மறுபடி எதிரெதிரானது.

"பறந்துக்கிட்டே பாடும்," என்றார் வாத்தியார்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நேரம் போயிற்று. பச்சைத் தொப்பி ஒருவர் மெல்ல, "எனக்கு லேசாக் கேட்ட மாதிரி இருக்கு," என்றார். அவ்வளவுதான், பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்டது. மடக்கு நாற்காலியில் இருந்தவருக்கு இரண்டு தரம் கேட்டது. மெக்கானிக்கின் நெஞ்சு உடைந்தது. ஊரில் உள்ள எல்லோருக்கும் கேட்கிறது. இல்லாத பறவைகூடக் கேட்கிறது. தனக்கு மட்டும்தான் ஒன்றும் இல்லை.

பல் டாக்டர் பைனாகுலரை இறக்கினார்.

"ஏங்க, உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? கோடை முடிஞ்சு இந்தச் சமயத்துல எந்தப் பறவைங்க பாடும்? குஞ்சு பொரிச்சு, வளத்து அனுப்பியாச்சு. இனிமே யாரைக் கூப்பிடணும், யாரை விரட்டணும்? இறகு வேற உதிர்ந்துக்கிட்டு இருக்கும். சரியாப் பறக்க முடியாது. வாயைத் திறந்தா பூனைக்கு இடம் தெரிஞ்சுடும்னு எல்லாம் புதருக்குள்ள கம்முனு உக்காந்திருக்கும். எப்பவாவது ஒண்ணு கத்தலாமே தவிர, கச்சேரி எல்லாம் முடிஞ்சு வாரக்கணக்காச்சு. வருஷா வருஷம் இப்படித்தானே?"

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பறவை பாடவில்லை. பாடாததால் கேட்கவில்லை. காதுக்கு ஒன்றும் இல்லை. குதிக்கவேண்டும் போல, அந்த அம்மாளின் காலில் விழவேண்டும் போல இருந்தது. ஆனால் எப்படிக் குதிப்பது? சற்று முன்புதான் விசில் எந்தத் திசையில் வந்தது என்று கை காட்டியிருந்தார். குதிக்க முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"கடைவாய்ல ஒண்ணு சொத்தை," என்றார் டாக்டர், உள்ளே எட்டிப் பார்த்து.

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு சம்பந்தியைப் பார்த்தார். வாத்தியாரின் முகம் ஒரு நிலையில் இல்லை. அழுகையும் சிரிப்பும் அதில் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டன. மெக்கானிக்குக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரம் பார்த்து, உண்மையாகவே ஒரு சத்தம் வந்தது. டொர்ர்ரென்று இழுத்து, கடைசியில் கீ...ச் என்று உயர்ந்து நின்ற சத்தம். கூட்டம் சிலிர்த்தது. லென்ஸ்கள் அத்தனையும் ஒரே வீச்சில் திரும்பின. "அதுதான், அதுதான்," என்று பச்சைத் தொப்பி கிசுகிசுத்தார். பல் டாக்டரே ஒரு கணம் தடுமாறி பைனாகுலரைத் தூக்கிவிட்டார்.

மெக்கானிக் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அந்தக் குளத்தின் பேரும் அவர் பேரும் சங்கத்தின் வரலாற்றில் ஏறியிருக்கும். ஆனால் அத்தனை வாரம் கழித்துத் திரும்பக் கிடைத்த காது சும்மா இருக்குமா?

"அது பறவை இல்லைங்க," என்றார். "பஸ்ஸு. பின் சக்கரம், இடது பக்கம். பிரேக் லைனிங் தேஞ்சு, இரும்பும் இரும்பும் உரசுது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு, ஆதாரத்துக்கு, வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் வாத்தியார். "நாங்க கேட்டதா சொன்னது... அது இதுகூட இல்லை. நாங்க ஒண்ணும் கேக்கலை. நான் கேக்கலை. அவருக்கு எப்படின்னு தெரியாது."

"நானும் கேக்கலைங்க," என்றார் மெக்கானிக்.

மடக்கு நாற்காலிக்காரர் நாற்காலியை மடக்கினார். "எனக்கு ரெண்டு தரம் கேட்டுச்சே," என்று அவர் முணுமுணுத்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. திட்டு விழும் என்று சம்பந்திகள் தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். பல் டாக்டரோ வேறு யோசனையில் இருந்தார்.

"அப்ப அந்தப் பஸ்ஸுல ஜனங்க ஏறுவாங்களே?"

மெக்கானிக் முன்னால் நடக்க, பறவைச் சங்கம் முழுவதும் பைனாகுலரும் முக்காலியுமாக டிப்போவுக்குள் நுழைந்தது. டிரைவர் பாவம், டீ குடிக்க இறங்கியவர், தன் பின் சக்கரத்தைச் சுற்றி அத்தனை லென்ஸ் நீண்டிருப்பதைப் பார்த்து, எதன் மேலோ ஏற்றிவிட்டோமோ என்று பயந்து உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்துப் பார்த்தார். லைனிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது. பஸ்ஸை அன்று வெளியே எடுக்கவில்லை.

திரும்பும் வழியில்தான் சண்டை வந்தது.

"முதல்ல மாங்குயில்னு சொன்னது நீங்க," என்றார் வாத்தியார்.

"முதல்ல சிரிச்சது யாரு? ஏதோ தேன் குடிச்ச மாதிரி கண்ணை மூடிக்கிட்டு."

"அது சிரிப்பா? ஒண்ணும் கேக்கலையேன்னு பயத்துல மூஞ்சி கோணிப்போச்சுங்க. அப்பப் பாத்து நீங்க மாங்குயில்னீங்க. இவருக்குக் கேக்குது, நமக்குப் போச்சுன்னு எனக்கு உசிரே இல்லை."

வாத்தியாரின் கதை இன்னும் மோசம். பிள்ளைகள் எல்லோரையும் பலமாக, இன்னும் பலமாக வாசிக்கச் சொன்னதில், மாடியில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் தந்தி கேட்கவில்லை என்ற பிரமையில் எல்லா வயலினிலும் தந்தியை முறுக்கி, ஏழெட்டை அறுத்திருந்தார். ஒரு பெண் பயந்து போய்ப் புல்லாங்குழலுக்கு மாறிவிட்டாள். டாக்ஸியைப் பிரித்துப்போட்டதை மெக்கானிக் சொன்னார். வாத்தியார் நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வீட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"எங்கே சொல்றது? எனக்குக் காது கேக்கலைன்னு அவ மனசுல இருக்கறதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா. இப்பப் போய்க் கேட்டுச்சுன்னா என்ன ஆகும்?"

"சொல்லாதீங்க," என்றார் வாத்தியார். "மெதுவா, மாசத்துக்கு ஒரு வார்த்தையாக் கேக்க ஆரம்பிங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் இருவர் மட்டும். நாணல் அசையவில்லை. ஒரு பறவையும் பாடவில்லை. பாடியது என்று யாரும் சொல்லவுமில்லை. அந்த அமைதி மெக்கானிக்குக்கு, நன்றாக ட்யூன் செய்த இன்ஜின்போல் இருந்தது. பிளாஸ்க்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

அப்போது புதரடியில் ஏதோ நகர்ந்தது. குண்டுக்கரிச்சான். வசந்தத்தில் சுவர்மேல் நின்று மார்பைத் தூக்கிப் பாடிய அதே ஆசாமியாகத்தான் இருக்கவேண்டும். இப்போது வால் இல்லை. கழுத்தில் பாதி இறகு இல்லை. மழையில் நனைந்து அடுப்பங்கரையில் காய்ந்த பிரஷ்போல் இருந்தது. தயங்கித் தயங்கி இரண்டு தத்துத் தத்தி, ஒரு புழுவைக் கொத்தி, நிமிர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டது.

மெக்கானிக் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வாத்தியார் அவர் கையை மெல்லத் தொட்டார்.

"வேணாம் சம்பந்தி. கூச்சப்படும்."

மெக்கானிக் பைனாகுலரை இறக்கினார். குளியலறைக் கதவு திறந்துகொண்டதைப் பார்த்த விருந்தாளிகள்போல் இருவரும் மரியாதையாக டிப்போ பக்கம் திரும்பி, டீயைக் குடிக்க ஆரம்பித்தார்கள்.